பேர் வெட்டிய குடம்

எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டிவிட்டால் அதோடு முடிந்தது. கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு மொய்யாகத் தள்ளிவிட முடியாது, கடைக்காரரே நினைத்தாலும் விற்க முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்கு வருஷா வருஷம் பாத்திரம் வாங்கிப் பேர் வெட்டி எடுத்துவருவது என் வேலை. தமிழ் டீச்சர் என்பதால் தலைமையாசிரியர் நாராயணப்பன் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

எண்பத்தெட்டாம் வருஷம் விழா கொண்டாடுவதற்கு நிஜமாகவே காரணம் இருந்தது. ஓசூரில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஃபேக்டரிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் எங்களுடையது. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் கோட்டை விடுவது வழக்கம். அந்த வருஷம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் பாஸ். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நல்லுசாமியின் மகள் பார்வதி கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி, மொத்தத்திலும் கல்வி மாவட்டத்திலேயே முதலாக வந்திருந்தாள். எல்லாம் கணக்கு டீச்சர் வஜிஹாவின் பாடு. பெற்றோர் சங்கத்தார் முதல் தடவையாக ஆசிரியருக்கும் ஒரு பரிசு கொடுப்பதென்று முடிவு செய்தார்கள்.

சங்கடம் பாத்திரக்கடையில்தான். ஓசூர் கடைவீதியில் நாங்கள் எப்போதும் வாங்கும் கடை பஷீர் அஹமதுவுடையது. வஜிஹா அவருடைய மகள். ஜனவரியிலிருந்து அவர் மகளோடு பேசுவதில்லை.

ஜனவரியில் வஜிஹாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். கிருஷ்ணகிரி மாப்பிள்ளை. பெண் உடனே வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் சொன்னார்கள். பரீட்சை வரைக்கும் பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவள் சொன்னாள். கல்யாணம் நின்றுபோனது. சீருக்கு எடுத்து, பஷீர் பாய் தன் கையாலேயே பேர் வெட்டி வைத்திருந்த பாத்திரங்கள் எல்லாம் கடைப் பரணில் ஏறின. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உன் மவள சாப்பிடச் சொல்லு" என்று மனைவி வழியாகவே பேசுகிற மனிதரை என்ன சொல்வது? எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

வஜிஹா பள்ளிக்கூடத்தில் எப்போதும் சிரித்த முகம்தான். ஒரே ஒருநாள் மட்டும் என்னிடம் சொன்னாள். "ரிசல்ட் அன்னைக்கு ஊரே வந்து விசாரிச்சுது டீச்சர். எங்க அத்தா மட்டும் ஒரு வார்த்த கேக்கல. யாருக்காக அந்தக் கல்யாணத்த விட்டனோ அவங்க எப்படிப் படிச்சாங்கன்னு அவரு ஒருதரம் கேட்டாப் போதும். எனக்கு வேற பரிசே வேணாம்."

நான் கடைக்குப் போனபோது பஷீர் பாய் கால்மேல் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உளியால் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். பரிசுக்கான பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அடுத்தது யாருங்க?" என்றார்.

"ப. வஜிஹா. சிறந்த ஆசிரியர். நல்ல தட்டா ஒண்ணு பாத்து வெட்டுங்க."

சுத்தியல் நின்றது. "எத்தன பேரு பாஸுங்க?" என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அத்தன பேரும். வீட்லயே கேட்டிருக்கலாமே பாய்?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவர் உளியை மறுபடி தட்டின்மேல் வைத்தார். "சனிக்கிழம காலைல மூட்டை கட்டி அனுப்பி வெக்கறங்க" என்றதோடு சரி.

எங்கள் விழாவை எப்போதும் முதல் ஷிஃப்ட் விட்ட பிறகுதான் தொடங்குவோம். அப்போதுதான் அப்பாக்கள் காக்கிச் சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக நேரே வந்து உட்கார முடியும். அன்று கூட்டம் சேருவதற்குள் நானும் வஜிஹாவும் ஆசிரியர் அறையில் மூட்டையைப் பிரித்தோம். பிள்ளைகளின் தட்டுகளும் டிபன் பாக்ஸ்களும் சரியாக இருந்தன. வஜிஹாவுக்குச் சொன்ன தட்டு இல்லை. அடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு குடம் இருந்தது.

கழுத்துப் பக்கம் தாளை விலக்கிப் பார்த்தேன். 'ப. வஜிஹா, ஜனவரி 88' என்றிருந்தது. சீர்க் குடம்.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. "பரண்ல கெடந்ததத் தள்ளி விட்டுட்டாரே இந்த மனுசன்! ஊர் பாக்க மேடையில இதக் குடுத்தா என்னாகும்? மூலையில வைம்மா, சால்வை போட்டு அனுப்பிடலாம். அப்புறமா நான் கடைக்கே போயி நாலு வார்த்த கேக்கறேன்."

வஜிஹாவின் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் தாளைப் பழையபடி மூடி, குடத்தை மற்றப் பரிசுகளோடு வைத்தாள்.

"என் பேரு போட்டத நான்தான வாங்கணும் டீச்சர். அதையே குடுக்கட்டும்."

பார்வதிக்குத்தான் முதல் பரிசு. நல்லுசாமி அருப்புக்கோட்டைக்காரர், காக்கிச் சட்டையோடு எழுந்து நின்று, "எம் பிள்ளைல்ல!" என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் உலுக்கி எடுத்துவிட்டார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. பிறகு வஜிஹாவைக் கூப்பிட்டார்கள்.

பாத்திரத்தில் வெட்டியிருப்பதை மைக்கில் உரக்க வாசித்துவிட்டுக் கொடுப்பது நாராயணப்பன் சாரின் பழக்கம். அவர் தாளைப் பிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ப. வஜிஹா, ஜனவரி..." என்று இழுத்தார். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஜனவரியில் என்ன நடந்தது என்று அங்கே தெரியாதவர்கள் யார்? சார் குடத்தை மெல்லத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கந்தன்" என்று வாசித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். குடத்தின் வயிறு முழுக்கப் பொடிப் பொடியாகப் புது எழுத்து மின்னியது.

"ஜமீர் அகமது" என்று அடுத்ததை வாசித்தார்.

"உள்ளேன் டீச்சர்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஜமீர்தான். பழக்க தோஷம். எல்லோரும் சிரித்தார்கள். சார் விடவில்லை, வாசித்துக்கொண்டே போனார். சம்பங்கி, சென்னம்மாள், தில்ஷாத் என்று பத்தாம் வகுப்பு வருகைப்பதிவு வரிசையிலேயே பேர்கள் வந்தன. பள்ளிக்கூடத்தை விட்டு எங்கெங்கோ சேர்ந்துவிட்ட பிள்ளைகள் இருந்த இடத்திலேயே எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். கந்தனின் அப்பா தாமதமாக எழுந்து, "அவன் ஐ.டி.ஐ.க்குப் போயிருக்கானுங்க, அவனுக்கு நான் உள்ளேன்" என்றார். வஜிஹா மேடையில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

பார்வதி என் பக்கத்தில் வந்து நின்று கிசுகிசுத்தாள். "டிபன் கேரியர் வாங்கப் போனப்ப பாய்தான் டீச்சர் கேட்டாரு. எல்லாரு பேரையும் சொல்லச் சொன்னாரு. யார் யாரு எப்படிப் படிப்பாங்க, டீச்சர் எப்படிச் சொல்லிக் குடுப்பாங்கன்னு கூடக் கேட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னுட்டாரு."

விழா முடிந்து பார்த்தால், கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் பஷீர் பாய் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். வஜிஹா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடம் பத்தல" என்றார் அவர். "கடைசி நாலஞ்சு பேர அடியில வெட்டும்படி ஆயிடுச்சு."

"பரவால்ல அத்தா."

"நல்லாப் படிச்ச புள்ளைங்களா எல்லாம்?"

வஜிஹா தலையை மட்டும் ஆட்டினாள்.

"கனமா இருக்கும். கொண்டாம்மா."

வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். இரண்டு அடி வைத்தவர் நின்று, குடத்தை இறக்கித் திருப்பி, மகளின் பேர் வெளிப்பக்கம் தெரியும்படி மறுபடி வைத்துக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்தார்.