கைன்ட்லி ரிவேர்ட்

உதயகலாவும் அவளுடைய கணவனின் தங்கை பிரசாந்தியும் நீர்வேலியில் கூட்டாக வாழைக்காய்ச் சிப்ஸ் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கூட்டு என்பது பெயருக்குத்தான். இருவரும் முகங்கொடுத்துக் கதைத்தே நாளாகியிருந்தது.

சண்டை லேபலில் தொடங்கியது. பைகளில் 'உதயகலா புட்ஸ்' என்றிருந்தது. பிரசாந்தி அழுது, கத்தி, அண்ணன் கேதீஸ்வரனை நடுவில் இழுத்து, 'நீர்வேலி புட்ஸ்' என்று மாற்றவைத்தாள். சிப்ஸை இங்கிலாந்தில் பொதிசெய்து விற்கும் கம்பனிக்குப் புது லேபலை அனுப்பி, பார்த்துவிட்டு 'ரிப்ளை' பண்ணச் சொல்லி ஈமெயிலும் எழுதினாள்.

உதயகலா கொழும்பில் வங்கியில் இருந்தவள். அவள் கண் படாமல் அந்த வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வரி வெளியே போகாது.

“இதென்ன, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினமாதிரி? 'கைன்ட்லி ரிவேர்ட்' எண்டு போடும். பிஸ்னஸிலை அப்பிடித்தான் எழுதுறது.”

பதில் கேட்க வங்கியில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். பிரசாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி அனுப்பினாள்.

பதில் வந்தது: 'நீங்கள் கேட்டபடி பழைய லேபலுக்கே திரும்பிவிட்டோம். இந்த வருடத்துக்கானது அச்சாகிவிட்டது.'

பிரசாந்தி போனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடினாள். பழைய நிலைக்குத் திரும்புவது என்றிருந்தது. காய் சீவும் பெண்கள் இருந்த கொட்டிலுக்குள் போனும் கையுமாக வந்தாள்.

“மச்சாள், உங்கடை பேரை என்ரை கையாலையே திருப்பி எழுதுவிச்சிட்டியள், என்ன?”

உதயகலா போனை வாங்கி வாசித்தாள். காது மடல்கள் சுட்டன. வங்கியில் இருந்த காலத்தில் அந்தச் சொல்லைப் போட்டு எத்தனை கடிதங்களில் கையெழுத்து வைத்திருப்பாள்!

சத்தம் கேட்டு ஓடிவந்த கேதீஸ்வரன் சமாளிக்கப் பார்த்தான். “அவளுக்கு அர்த்தம் தெரியாமல் இருந்திருக்கும். விடு தங்கச்சி.”

“பாங்கிலை இருந்த இங்கிலீசுக்காரிக்குத் தெரியாதோ? சரி அண்ணை, தெரியாதெண்டு உவ தன்ரை வாயாலை சொல்லட்டும். நான் விட்டிடுறன்.”

சீவுகிற சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும். உதயகலாவின் நாக்கு அதற்கு வளையவில்லை.

“எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதச் சொன்னனான். இப்ப என்ன செய்யப்போறீர்?”

பிரசாந்தி கொட்டிலை விட்டு வெளியேறினாள். அன்று பின்னேரமே தன் பங்குச் சட்டிகளை லான்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு அச்சுவேலிக்குப் போய்விட்டாள். நன்மை தின்மைக்குப் போன வீடுகளில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சாள் சூழ்ச்சிக்காரி, கள்ளி என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆங்கிலம் தெரியாதவள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

“ஏனப்பா பொய் சொன்னனீர்?” என்று கேதீஸ்வரன் ஒருநாள் கேட்டான்.

“ஆர் சொன்னது பொய்யெண்டு?” என்றாள் உதயகலா. அவனை நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த குலையை இழுத்து வைத்துக் காய்களை வெட்டத் தொடங்கினாள்.