கைதட்டல் எட்டும் உயரம்

கோட்டை உச்சியில் பாராதரி மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த யாதம்மாவைச் சீதாப்பழக் கூடையோடு கீழே இறங்கும்படி காவலாளி சொன்னபோது கைடு கவுஸ் மொஹியுத்தீன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி பேசியது அவருக்குக் கேட்கவில்லை. அவன் தடியை நீட்டிய திசையும், யாதம்மா சும்மாட்டுத் துணியை உதறிய கோபமும் போதுமானதாக இருந்தன.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். இடது காதருகே வாயை வைத்துக் கத்தினாள்.

"பன்னெண்டு மணி வரைக்கும் வியாபாரிங்க மேல இருக்கக்கூடாதாம். ஆபீசரம்மா வர்றாங்களாம், கோட்டை அழகா இருக்கணுமாம். நான் ஒருத்தி ஒக்காந்ததுல நவாபு காலத்துக் கட்டடம் இடிஞ்சிடுமா பாய்?"

"இன்னிக்கா இப்படி ஆகணும்?"

"பேசாம உண்மையச் சொல்லிடு."

"சொன்னா நாளைலேருந்து ஒன் பக்கத்துல ஒக்காந்து பழம் விக்கணும்."

"அதுக்கும் காது வேணும். அரைக் கிலோ கேட்டா நீ ஆறு கிலோ குடுப்ப." சிரிக்கத்தான் சொன்னாள். அவளுக்கே சிரிப்பு வரவில்லை. காவலாளி மறுபடி தடியை ஆட்டினான். அவள் படியிறங்கிப் போனாள்.

கவுஸின் வலது காது ஒன்பது வயதில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. இடது காது மூன்று வருடங்களாக மங்கி வந்தது. வாங்கிய காதுக்கருவி, வீட்டில் கத்திப் பேசினால் மட்டும் உதவியது. கோட்டை உச்சியில் காற்று அதற்குள் புகுந்து, லாரியின் அடியில் படுத்திருப்பதுபோல இரைந்ததால், வேலைக்கு அதைப் போட்டுவருவதில்லை. வீட்டில் மனைவி நசீம் அவரிடம் உப்பு கேட்பதைக்கூடக் கத்திக் கேட்கவேண்டியிருந்ததால், இருவருக்கும் ஓயாத சண்டை என்று பக்கத்து வீட்டார் நம்பினார்கள். ஆனால் கைடு வேலையில் கேட்பதைவிடப் பேசுவதே அதிகம். சுற்றுலா வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு. வைரம் எங்கே இருந்தது, சுரங்கப்பாதை எங்கே போகிறது, ராணிகள் எத்தனை பேர். உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

கைதட்டலை மட்டும் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. கீழ்வாசலின் குவிமாடத்துக்கு அடியில் நின்று தட்டினால், முந்நூற்றுச் சொச்சம் படிகளுக்கு மேலே இருக்கும் பாராதரியில் கேட்கும். கோல்கொண்டாவுக்கு வருகிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். கூட்டத்தில் ஒருவரைக் கீழே நிறுத்திவிட்டு மற்றவர்களை மேலே அழைத்துவருவது வழக்கம். இருபத்தாறு வருடங்களாக அந்த நொடியில் விரலை உயர்த்தி, "கேட்டுச்சா? அந்தக் காலத்துல ராஜாவோட உயிரே இந்தச் சத்தத்துலதான் இருந்துச்சு" என்று சொல்லி வந்தவர் கவுஸ். கடைசி இரண்டு வருடங்களாக, சத்தம் வந்தால் யாதம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். அவர் விரலை உயர்த்துவார். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இந்த வருடம் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் புதிய அதிகாரி ஸ்ரவந்தி நேரில் வருகிறார் என்று சொன்னார்கள். அட்டை போனால் கோட்டை வாசலைத் தாண்டிக் கூட்டத்தை அழைத்துவர முடியாது. வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. மகளுக்கு நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

அட்டைக்கான தேர்வுக்கு அன்று பாராதரியில் மூன்று கைடுகள் நின்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ராமுலு, கவுஸ், அவருக்கு இடப்பக்கம் கலீல். ஒரு டெல்லிக் கூட்டத்தை யார் அழைத்துப்போவது என்று டிக்கெட் கவுண்டரில் சட்டையைப் பிடித்துக்கொண்டதிலிருந்து, கவுஸும் கலீலும் பத்து வருடங்களாகப் பேசுவதில்லை. பெருநாள் தொழுகையில் தோளோடு தோள் நின்றபோதுகூட ஸலாம் சொல்லிக்கொண்டதில்லை.

ஸ்ரவந்திக்கு முப்பது வயதுகூட இருக்காது. நேருக்கு நேர் பார்த்துப் பேசினார். கவுஸுக்கு அதுவே பெரிய உதவி.

"கீழ என் உதவியாளர் நிக்கறார். அவருக்குத் தோணின அளவு தட்டுவார். எத்தனை தடவைன்னு இந்தச் சீட்டுல எழுதுங்க, அவ்வளவுதான். மேல நின்னு கதை சொல்றவங்களுக்கு மொதல்ல கேக்கணும் இல்லையா?"

அவர் போனில் ஏதோ சொல்லிவிட்டுக் கையை இறக்கினார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். கவுஸ் உள்ளங்கையைச் சுண்ணாம்புச் சுவரில் வைத்துப் பார்த்தார். வெயிலின் சூடு மட்டுமே ஏறியது. ராமுலுவின் கண்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. ஸ்ரவந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுஸின் முதுகில் வியர்வை வழிந்து இடுப்பில் தேங்கியது.

அப்போதுதான் கலீலின் வலது கையைப் பார்த்தார். தொடையோடு ஒட்டியிருந்த கையில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. சுண்டுவிரலின் மூன்று கணுக்கள். மோதிர விரலின் மூன்று கணுக்கள். நடுவிரலில் ஒன்று. நின்றுவிட்டது. ஸ்ரவந்தி எழுதும்படி சைகை காட்டினார்.

ஏழு என்று கவுஸ் எண்ணிக்கொண்டார். என் காது கேட்காதது இவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. பத்து வருடப் பகையை ஒரு கட்டைவிரலால் துடைத்துப்போட்டுவிட்டான். கலங்கிய கண்ணோடு சீட்டில் ஏழு என்று எழுதினார்.

ஸ்ரவந்தி மூன்று சீட்டுகளையும் பிரித்தார். முதல் சீட்டைக் காட்டினார்: இரண்டு. அடுத்ததும் இரண்டு. மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார். "ஏழா?" என்றது அவருடைய உதடு.

கலீல் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது வெறும் திகைப்பு. பத்து வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகக் கவுஸின் காதருகே குனிந்தான்.

"ஏழு எங்கேருந்து வந்துச்சு மியா?"

"ஒன் விரல்தான் காட்டுச்சு."

கலீல் தன் கையை ஏதோ வேறொருவருடைய கைபோலப் பார்த்தான். "அரே அல்லாஹ்! பயத்துல அல்லாஹ் பேரைச் சொல்லி தஸ்பீஹ் எண்ணிட்டிருந்தேன். மேடம் எழுதச் சொன்னதும் நிறுத்திட்டேன்யா."

நாற்பது வருடங்களாக ஒவ்வொரு தொழுகைக்குப் பின்பும் கவுஸ் அதே கணுக்களில் அதே கட்டைவிரலால்தான் எண்ணிவந்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

கலீல் அவர் முகத்தையும் காதையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இப்போதுதான் புரிந்தது என்பது கவுஸுக்குத் தெரிந்தது. உடனே அதிகாரியின் பக்கம் திரும்பி, கவுஸும் உதட்டைப் படிக்கும்படி முகத்தைப் பாதி இங்கே வைத்துக்கொண்டு, "காத்து அடிச்சுது மேடம். எங்க எல்லாரையும்விட சீனியர் இவரு. இன்னொரு வாய்ப்பு குடுங்க" என்றான்.

ஸ்ரவந்தி யோசித்தார். இரக்கமா சந்தேகமா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. கலீலையும் ராமுலுவையும் இருபது படி கீழே போய்ப் பின்பக்கம் நிற்கச் சொன்னார். கவுஸிடம் வந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. கேக்கும்போதெல்லாம் கையத் தூக்குங்க. போதும்."

அவர் திரும்பி நின்றார். எதிரே யாருடைய முகமும் இல்லை. கீழே இடிந்த மாடங்கள், புல், அதற்கப்பால் வெயிலில் கரைந்துகொண்டிருந்த ஹைதராபாத். பின்னால் அந்தப் பெண் போனில் பேசுகிறாரா, பேசி முடித்துவிட்டாரா, தெரியவில்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தம் எப்படி வரும் என்பதை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். நல்ல பருத்தித் துணியைக் கிழித்ததுபோல ஒரு சிறு வெட்டு. அது இப்போது வந்ததா? நினைவில் வந்ததா? இன்னொன்றும் வந்ததே?

ஜிப்பாவின் கைக்குள் காற்று புகுந்து ஊதியது. கை தோளுக்கு மேல் போயிருந்ததை அவர் அதற்குப் பிறகுதான் கவனித்தார். எப்போது தூக்கினார், எத்தனை முறை என்று அவருக்கே தெரியவில்லை. இறக்கவும் துணியவில்லை. வெகு கீழே, படிக்கட்டு வளைவில் மூச்சு வாங்க நின்றிருந்த புதுமணப்பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். முன்பின் தெரியாத மனிதர் உச்சியிலிருந்து கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கவேண்டும். மருதாணிக் கையை உயர்த்தி, சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டினாள்.