சமையலறைக் கதவு

பஸ் ஓட்டுநர் சமைக்கக் கற்றுக்கொண்டது மனைவிக்கு மூச்சுக்குழாயில் நோய் வந்த பிறகுதான். அதுவரை வெந்நீர் வைக்கக்கூட அவர் அடுப்பைத் தொட்டதில்லை. எண்ணெய் காயும் நெடி பட்டாலே அவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும்; பிடித்தால் லேசில் விடாது. அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதிகாலை ஷிப்டு முடிந்து வந்ததும் ஓட்டுநர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவின் அடியில் ஈரத் துண்டு ஒன்றைச் சுருட்டி அடைப்பார். ஜன்னல் மேல் இருந்த பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் லாரி மாதிரி இரையும். மனைவி ஹாலில் இருந்தபடி குரல் கொடுப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வீட்டில் அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"தீயைக் குறைச்சீங்களா?"

"குறைச்சாச்சு டீச்சர்!"

இரண்டு வருஷமாகக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள்தான் அந்தப் புது அடுப்பைப் பற்றிச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் வாங்கியும் அனுப்பிவிட்டாள். மேடையோடு மேடையாகப் படிந்திருக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி. அது இண்டக்‌ஷன் அடுப்பு. அதன் நடுவில் நீளமாக ஒரு திறப்பு; திறப்புக்குக் கீழே ஃபேன். புகையையும் ஆவியையும் மேலே போகவிடாமல் கீழே இழுத்து, சுவரில் போட்ட துளை வழியாக வெளியே தள்ளிவிடும். குழாய் போவதற்காக மேடைக்கு அடியில் இருந்த இழுப்பறை ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. அதில் இருந்த கரண்டிகளெல்லாம் சாப்பாட்டு மேசைக்குக் குடிவந்தன.

பொருத்த வந்தவர் கிளம்பும்போது சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தார்.

"சமைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஃபேனைப் போட்டுருங்க. முடிஞ்சதும் அவசரப்பட்டு நிறுத்தாதீங்க, கொஞ்ச நேரம் ஓடி அதுவா நிக்கும். நடுவுல இருக்கிற வலையை அப்பப்ப எடுத்துக் கழுவுங்க. காந்தம் ஒட்டற பாத்திரம்தான் இதுல சூடாகும்."

அவர் தலை மறைந்ததும் டீச்சர் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்து வைக்க, அவள் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் அடிப்பாகத்தில் பொம்மையை ஒட்டிப் பார்த்தாள்.

"பாஸ். பாஸ். இது ஃபெயில்."

"இது நல்ல பாத்திரம்மா."

"நல்ல பாத்திரம்தான். அலுமினியம். ஃபெயில்."

தேறிய வாணலியில் அன்றே வெங்காயம் வதக்கினார். ஃபேன் மெல்லிய உறுமலோடு ஓடியது. எண்ணெயிலிருந்து கிளம்பிய ஆவி ஒரு விரற்கடை உயரம் எழும்பியதும், யாரோ காதைப் பிடித்து இழுத்த மாதிரி வளைந்து திறப்புக்குள் போனது. டீச்சர் வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒரு அடி உள்ளே வைத்தாள். மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள். இன்னொரு அடி.

"என்னங்க, நான் உள்ள நிக்கறேன்!"

"நின்னுக்கோ, நின்னுக்கோ. யாரு வேண்டாம்னா?" என்றார். அவள் நிற்கக் கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டார். அந்த சந்தோஷத்தில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் அவள் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அங்கிருந்துதான் தகராறு ஆரம்பமானது.

கேஸ் அடுப்பில் அவர் தீயின் உயரத்தைப் பார்த்துச் சமைத்துப் பழகியவர். இங்கே தீயே இல்லை. கண்ணாடியில் ஒரு எண் மட்டும் மின்னியது. எட்டில் வைத்தால் கருகியது, மூன்றில் வைத்தால் தூங்கியது. ஈரக்கையோடு தொட்டால் பட்டன் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெங்காயத்தை இப்படியா நறுக்குவாங்க? ஒண்ணு யானை, ஒண்ணு எறும்பு."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

"நம்பரைக் குறைங்க. ஆறு போதும். குறைங்கன்னு சொல்றேன்ல?"

பருப்பு பொங்கி வழிந்தது. நுரை கண்ணாடி மேல் ஓடித் திறப்புக்குள் இறங்கியது. அடுப்பு கீச்கீச்சென்று கத்திவிட்டுத் தானாகவே அணைந்தது.

"ஹாரன் அடிக்குது பாருங்க, பஸ்ஸை ஓரம் கட்டுங்க!" என்று டீச்சர் சிரித்தாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இருக்கியா நீ? தொணதொணன்னு!"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் கதவைச் சாத்தினார். வலையை எடுத்துக் கழுவினார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பருப்பை ஏற்றினார். தோள்களிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. குனிந்து கதவடியில் துண்டைச் சுருட்டி வைக்கும்போதுதான் கை நின்றது. புகையே இல்லாத அறையில் எதை அடைக்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

வெளியிலிருந்து குரல் வந்தது. "கதவை எதுக்கு மூடினீங்க?"

அவர் துண்டைப் பிரித்து ஜன்னல் கம்பியில் போட்டார்.

சாப்பாடு முடிந்தது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர்தான் வாயைத் திறந்தார்.

"உன்மேல கோவம் இல்ல."

"பின்ன?"

"உள்ள தனியா இருந்தா மூஞ்சியை எப்படி வேணும்னாலும் வெச்சுக்கலாம். வெளிய வந்தா உன் முன்னாடி தைரியமா இருக்கணும். அன்னிக்கு ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர் சொன்னாரே, நுரையீரல் இதுக்கு மேல தேறாது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்னு. வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு நீ கேட்டே."

"வெங்காயம்னு சொன்னீங்க."

"அன்னிக்கு வெங்காயமே நறுக்கல."

டீச்சர் மேசைமேல் கிடந்த கரண்டிகளை நேராக அடுக்கினாள். மறுபடி கலைத்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா பதறக்கூடாது. நீங்க எப்போடா கதவைச் சாத்துவீங்கன்னு நானும் காத்துக்கிட்டு இருப்பேன்."

"எதுக்கு?"

"இருமறதுக்கு. உங்க முன்னாடி இருமினா உங்க முகம் சாம்பலாப் போயிடுது. அதைப் பார்க்கவே முடியல. அதனால அடக்கி வெச்சுப்பேன். ரூமுக்குள்ள போயிட்டா, அந்த பழைய ஃபேன் போடற சத்தத்துல உங்களுக்குக் கேக்காது. ஆசை தீர இருமிப்பேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆறேழு மாதமாக அவளுக்கு இருமல் குறைந்து வருகிறது என்று மகளிடம் போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"டாக்டர்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன். நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தப்போ. மருந்து மாத்தினாரே, அது அதுக்குத்தான்."

ஓட்டுநருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் திரும்பிப் போனது. எழுந்து இரண்டு தட்டுகளையும் எடுத்தார். "நல்ல ஆளுங்கதான் நாம ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னார்.

"ஜோடிப் பொருத்தம்" என்றாள் டீச்சர்.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது அவள் அடுப்பின் முன் நின்றிருந்தாள். நாற்காலி சும்மா கிடந்தது. அவர் அதில் உட்கார்ந்தார். யோசனை சொல்ல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார். பருப்பைக் கிண்டும்போது அவளுக்கு இருமல் வந்தது. நெடியால் வந்ததல்ல, வழக்கமாக வருவது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நெடுநேரம் இருமினாள். அவர் எழுந்து போய் முதுகில் கை வைத்தார். அவருடைய முகம் சாம்பலாகத்தான் போயிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிண்ட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகும் சில நாள் அந்தக் கதவு சாத்தியிருக்கும். சில நாள் அவர் உள்ளே இருப்பார், சில நாள் அவள். "கொஞ்சம் தனியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாத்துவார்கள். வெளியே இருப்பவர் ஏன் என்று கேட்பதில்லை.

முதல் நாள் அவள் சமைத்த அந்தப் பருப்பில் உப்பு தூக்கலாக இருந்தது. இரண்டு வருஷம் கரண்டியே பிடிக்காத கை.

"உப்பு" என்றார் அவர்.

"தெரியுது" என்றாள். தண்ணீரைக் குடித்துக் குடித்து இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள்.