சைபராக உட்காருகிறவன்

பள்ளிக்கூட ஆசிரியையின் உடம்பில் மைனஸ் எண்ணூறு பெக்கரல் கதிரியக்கம் இருப்பதாகக் கருவி காட்டியபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. உலகத்தில் யாருக்கும் சைபருக்குக் கீழே கதிரியக்கம் இருக்க முடியாது. கணக்குப் பாடம் எடுக்கிறவள், சிரிக்காமல் கேட்டாள்: "அப்ப நான் சுத்தத்துக்கும் மேல சுத்தமா, ஹல்வார்?"

தவறு என்னுடையது. அளவெடுக்கத் தொடங்கும் முன், உடம்பில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளே இல்லாத ஓர் ஆளை நாற்காலியில் பத்து நிமிடம் உட்காரவைத்து அளந்துகொள்ள வேண்டும். அந்த எண்ணைத்தான் மற்றவர்களின் எண்ணிலிருந்து கழிப்போம். இருபத்தாறு வருடங்களாக அந்த ஆள் நான்தான். செர்னோபில் அணு உலை வெடித்துக் கிளம்பிய மேகம் இந்த மலைகளில் மழையாகக் கொட்டியது. சீசியம் பாறைப்பாசியில் தங்கியது. பாசியைத் தின்னும் பனிமானுக்குப் போனது. பனிமானை மேய்த்துத் தின்னும் இந்த ஊர்க்காரர்களுக்கு வந்தது. வருடந்தோறும் மார்ச்சில் நான் ஒஸ்லோவிலிருந்து வேனில் கருவியோடு வருவேன். சைபராக இருக்க வேண்டியவன் பனிமான் இறைச்சியைத் தொடக்கூடாது. அதனால் எந்த வீட்டில் கறிச்சட்டி கொதித்தாலும் நான் என் டப்பாவைத் திறந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பேன். விருந்துக்கு வந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறவனை எந்த ஊரில் மதிப்பார்கள்? இவர்கள் எனக்கு 'சைபர்' என்று பெயர் வைத்தார்கள். அதுவே பெரிய மரியாதை.

இந்தத் தடவை பனிப்புயலில் மலைப்பாதை மூடிக்கொண்டது. பனிமான் மேய்க்கும் மார்யாவின் வீட்டில் ஐந்து நாள் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் நாளே டப்பா காலி. அவள் என் முன்னால் தட்டைத் தள்ளினாள்.

"தின்னு. பட்டினி கெடந்து செத்தா உன் பொணத்தையும் நான்தான் பனிவண்டியில இழுத்துட்டுப் போகணும். எனக்கு முதுகுவலி."

தின்றேன். மூன்று வேளையும். சைபருக்குப் பதிலாகத் தண்ணீர்க் கேன்களை நாற்காலியில் அடுக்கி அளந்துகொள்ளலாம், அதற்கும் வழி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தின்றேன். ஆனால் பாதை திறந்து அளவெடுக்கத் தொடங்கிய முதல் நாள் காலையில், இருபத்தாறு வருடப் பழக்கம், நானே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பிலிருந்த மார்யா வீட்டுச் சீசியத்தை ஊரில் எல்லாருடைய கணக்கிலிருந்தும் கழித்துக்கொண்டிருந்தேன்.

மேய்ப்பர் சங்கத் தலைவர் நீல்ஸுக்கு எழுபத்தெட்டு வயது. அளவெடுக்கும் ஊர்க்கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "சைபரு எங்கயோ சாப்பிட்டிருக்குடோய்!"

எல்லாத் தலையும் மார்யா பக்கம் திரும்பியது. அவள் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறீங்க? பட்டியில நின்ன நாய்க்கும்தான் போட்டேன். அதையும் கூட்டிட்டு வரேன், அளந்து பாருங்க."

மறுநாள் எல்லாரும் திரும்ப வர வேண்டியிருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். முணுமுணுக்காமல் வந்தார்கள். வழக்கமாக முப்பத்தைந்து பேர் வந்தால் அதிகம். இந்த வருடம் அறுபத்து மூன்று பேர். "நான் உன் எலி இல்லடா" என்று பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் கதவைச் சாத்தியவன்கூடத் தாடியைச் சீவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலை வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படும் ஒப்பந்த வேலை. ஜூனோடு முடிகிறது. இத்தனை பேர் வரும் ஆய்வை யார் நிறுத்துவார்கள்? மதியம் ஒஸ்லோவுக்கு, என் மேலதிகாரி ஊன்னிக்குப் போன் செய்தேன்.

"அறுபத்து மூணு பேர், ஊன்னி!"

"நல்ல செய்தி. மதிப்பீடு நடந்துகிட்டிருக்கு."

"மதிப்பீடுன்னா? அடுத்த வருஷம் உண்டா, இல்லையா?"

"அப்படி ஒத்த வார்த்தையில சொல்ல முடியாது, ஹல்வார்."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். நான் உபயோகித்ததுதான். பதினொரு வருடங்களுக்கு முன்னால் மார்யாவின் கணவன் யோனர் ரத்தப் புற்றுநோயில் போனான். அந்த மார்ச்சில் அவள் இதே கூடத்தில் கேட்டாள்: "இறைச்சிதான் காரணமா?" தனி ஒரு மனுஷன் விஷயத்தில் ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது என்றேன். ஒரு தாளில் கோடு போட்டு, சதவீதம் எழுதி விளக்கினேன். அவள் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் வருடந்தவறாமல் வந்தாள், எப்போதும் வரிசையில் கடைசியாக.

இந்த வேலையில் நான் எழுதிய கட்டுரைகள் மூன்று. ஒன்றில் என் பெயரைத் தப்பாக அச்சடித்தார்கள். அதற்காக யாரும் என் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம். ஆனால் அன்று வேறொன்று தோன்றியது. சைபர் வேலையை இனித் தண்ணீர்க் கேன்களே பார்த்துக்கொள்ளும். நான் எந்த வீட்டிலும் போய் உட்காரலாம். எந்தத் தட்டையும் வாங்கலாம். ஐம்பத்தாறு வயதில், வழுக்கைத் தலையோடு, இனி வரப்போகும் மார்ச் மாதங்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

கூடம் காலியானபின் மார்யா நாற்காலியில் உட்கார்ந்தாள். கருவியை அவள் மடிக்கு நேராக இறக்கினேன். பத்து நிமிடம் அசையக்கூடாது.

"அடுத்த வருஷம் கேனையே வச்சு அளந்துக்கறேன்," என்றேன். "வந்ததும் நேரா உன் வீட்டுக்குத்தான். டப்பா கொண்டுவரப் போறதில்ல."

கருவியில் ஒரு நிமிடம் ஓடியது.

"என்ன, பேச்சையே காணோம்?"

"அசையக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

"வாய் அசையலாம்."

அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒஸ்லோவுல என்ன சொன்னாங்க?"

"மதிப்பீடு நடக்குதாம். உனக்கு ஏதாவது தெரியுமா, மார்யா? தெரிஞ்சா சொல்லு. கோடு போட்டு விளக்காதே."

"அக்டோபர்லயே சங்கத்துக்குக் கடுதாசி வந்துடுச்சு," என்றாள். "அளவெல்லாம் கொறஞ்சுபோச்சாம். இந்த வருஷத்தோட சரியாம். உன் வேலை ஜூனோட முடியுதுன்னும் அதுலயே போட்டிருந்துச்சு. உனக்கும் சொல்லியிருப்பாங்கன்னுதான் நெனச்சோம். போன வாரம் நீ கெளம்புறதுக்கு முன்னாடி நீல்ஸ்கிட்ட போன்ல அடுத்த வருஷத்துக் கதையெல்லாம் பேசினே பாரு, அப்பத்தான் உனக்குத் தெரியாதுன்னு அவருக்கு வெளங்குச்சு. உன் கண்ணுல படக்கூடாதுன்னு அந்தக் கடுதாசிய அவரே கழட்டிட்டாரு."

"எங்கேருந்து?"

"உன் பின்னாடி."

திரும்பினேன். அறிவிப்புப் பலகையில், தடுப்பூசித் தேதிக்கும் பனிவண்டி விற்பனைக்கும் நடுவில், ஒரு தாள் அளவுக்கு வெளிறாத சதுரம். நான்கு மூலையிலும் குண்டூசி அப்படியே இருந்தது.

"இதுதான் நான் வர்ற கடைசித் தடவைன்னுதான் எல்லாரும் வந்தாங்களா?"

கருவியில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. அவள் அசையவில்லை.

"ஆமா," என்றாள்.