நிலாவுக்குப் போன ஷூ

தின்னரில் துணியை நனைத்து லின்சி இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வலது ஷூவின் நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. மிச்சமெல்லாம் சில்வர் பெயிண்ட். பாழாய்ப்போனது விடுவேனா என்றது.

முன்னறையில் அப்பா கிளமென்ட் கோட்டு சூட்டோடு சவப்பெட்டியில் படுத்திருந்தார், வெறுங்காலோடு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இருந்ததே ஒரு நல்ல ஷூ. அதையும் குவார்ட்டர்ஸ்காரர்கள் சேர்ந்து எடுத்த சினிமாவுக்காக வெள்ளியடிக்கக் கொடுத்துவிட்டார். காலனியே ராக்கெட் கட்டி நிலாவுக்கு ஆள் அனுப்பும் கதை. அந்த ஆள் இவர்தான். கிறிஸ்துமஸுக்குப் படம் போடுவதாக இருந்தது. நேற்று டீ கேட்டவர், டீ வருவதற்குள் போய்விட்டார்.

"ஃபாதர் வந்துருவாரு. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துரவா?" என்றான் அண்ணன் பிரிட்டோ.

"வேணாண்ணே. ஆணிக்கால் அவருக்கு. புது ஷூ கடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"சுத்தமா கறுப்பாக்கிடு லின்சி, ஊரு சிரிக்கும்டி," என்றாள் அம்மா ரோசரி.

அந்நேரம்தான் படத்தை எடுத்த வசீம் வந்தான். பெட்டியருகே நின்று விசும்பினான்.

"ஷூட்டிங்ல நிலாவுல இறங்குனதும் அங்கிள் ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சிட்டாரு ஆன்ட்டி. ஏன்னு கேட்டா, 'புது இடம்டா தம்பி, அழுக்காயிடும்'ங்கிறாரு! நாங்க எழுதிக் குடுத்த டயலாக்கே இல்ல அது."

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து அழுகையாகவே கிடந்த வீட்டில் அப்பா உயிரோடிருந்தபோது கேட்ட மாதிரியான சத்தம் அது ஒன்றுதான். லின்சி தேய்ப்பதை நிறுத்தினாள். துணியைத் தூக்கி எறிந்தாள். பரணிலிருந்து மிச்ச பெயிண்ட் டப்பாவை இறக்கி, தேய்த்த இடத்தில் மறுபடியும் பூசினாள்.

"ஏண்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? ஊரு சிரிக்கும்னேனே!"

"சிரிக்கட்டும்மா. சிரிக்கணும்னுதானே நடிச்சாரு."

ஈரம் காயாத ஷூவை லின்சியே அப்பாவுக்கு மாட்டிவிட்டாள்.

ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்தார். மூடியை எடுத்து வந்தார்கள். அப்போது ரோசரி எழுந்து வந்து, குனிந்து, ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அம்மா! கழட்டாதே, சொல்லிட்டேன்!"

ரோசரி கேட்கவில்லை. இரண்டையும் கழற்றினாள். பெட்டிக்குள்ளேயே, அவர் காலடியில், ஜோடியாகச் சேர்த்து வைத்தாள்.

"புது இடமாச்சே," என்றாள்.

அவள் விரல்களில் வெள்ளி ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைக்காமல், அந்தக் கையாலேயே பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.