ஈர எடை

‘பாத்துக் குடுங்க’ என்று யாராவது சொன்னால் கிராம் சாருக்குப் பற்றிக்கொண்டு வரும். எடை அளவை ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவர். எவ்வளவு என்று கேட்டால் இவ்வளவு என்று சொல்ல வேண்டியதுதானே, அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

மழைக்கு முன்னால் மொட்டை மாடியைச் சுத்தம் செய்வது வருடா வருடம் வரும் வேலை. பாசியைச் சுரண்ட வேண்டும். மழைநீர்க் குழாய்களை அடைத்திருக்கும் இலைச் சேற்றை அள்ளி, மூட்டை கட்டி, நான்கு மாடி இறக்கித் தெருமுனைக் குப்பை வண்டியில் சேர்க்க வேண்டும். லிஃப்டில் சேறு ஏறக் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் சட்டம். வழக்கமாக வரும் ஆள் இந்த வருடம் வரவில்லை. கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாவின் மகள், நான் செய்கிறேன் என்று தானாகவே வந்து நின்றாள். பதினெட்டு வயது, கல்லூரி விடுமுறை. சங்கச் செயலாளர் என்ற முறையில் கிராம் சார் சம்மதித்தார்.

“எவ்வளவு வேணும்?”

“பாத்துக் குடுங்க பெரியப்பா.”

வந்துவிட்டது. சங்கத்துப் பொருளாளர் வேறு, “சின்னப் பொண்ணுதானே சார், போன வருஷம் குடுத்ததுல பாதி போதும்” என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார். சின்னப் பெண் என்றால் சேறும் பாதியாகிவிடுமா? குறைவாகக் கொடுத்தால் பாவம், கூடுதலாகக் கொடுத்தால் சங்கத்துப் பணம். வாழ்நாள் முழுக்க ஊரார் தராசைச் சரி பார்த்தவர் தன் கையால் ஒரு பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் கண்ணாடியில் எப்படி முகம் பார்ப்பது? சரி, பார்த்துத்தானே கொடுக்கச் சொன்னாள், பார்த்தே விடுவோம் என்று மறுநாள் காலை நாற்காலி, குடை, கைக்கடிகாரம், நோட்டுப் புத்தகம் சகிதம் மாடியில் போய் உட்கார்ந்தார்.

அவள் துடைப்பத்தை எடுத்தால் நேரம் குறித்தார். தண்ணீர் குடித்தால் குறித்தார். மதியம் வரை பொறுத்துப் பார்த்த பெண், கடைசியில் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெரியப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாத்துட்டே இருந்தா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது.”

கிராம் சார் நாற்காலியை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பாத்துக் குடுங்கன்னா பாத்துட்டே இருங்கன்னா அர்த்தம்? முப்பது வருஷமா என்னைத்தான் பாடாப் படுத்தினீங்க, இப்ப அந்தப் பொண்ணுமா? அவங்கம்மா தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கணும்னு அவ பாதிக் காசு சேத்து வச்சிருக்கா. மிதிச்சு மிதிச்சு அந்தம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு.”

“இதை ஏன் எங்கிட்ட சொன்ன?” என்று உண்மையிலேயே எரிச்சல்பட்டார் அவர். “எடை போடும்போது தட்டுல விரலை வைக்கிற மாதிரி. இப்ப நான் எதைக் குடுத்தாலும் இரக்கப்பட்டுக் குடுத்ததா, சரியாக் குடுத்ததான்னு எனக்கே தெரியாது.”

அடுத்த தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் விசாரித்தார். இடிபாட்டை அள்ளி மாடியிலிருந்து இறக்குகிறவர்களுக்கு எடைக் கணக்கில் கூலி என்றார் மேஸ்திரி. எடை என்ற சொல் காதில் விழுந்ததும் கிராம் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரணிலிருந்து பழைய வில்தராசை இறக்கித் துடைத்தார்.

மூன்றாம் நாள் மாடி பளிச்சென்று இருந்தது. குழாய் வாய்களில் ஒரு சருகு இல்லை. பதினோரு மூட்டைகள் வரிசையாக நின்றன. துணிக்கொடிக் கம்பியில் தராசை மாட்டி ஒவ்வொன்றாக நிறுத்து எழுதினார். எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. எழுதி முடித்தபோது பெண் மெதுவாகச் சொன்னாள்.

“பெரியப்பா, தண்ணி ஊத்தி ஊற வச்சுத்தான் பாசியைச் சுரண்டினேன். இது ஈர எடை. காஞ்சா பாதிகூட இருக்காது.”

கிராம் சாருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துச் சரக்கை விற்ற எத்தனை கடைக்காரர்கள் அவரிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள். இந்தப் பெண் கேட்காமலே சொல்கிறாள். “அப்ப ஈரத்தைக் கழிச்சிடணும். அதுதான் முறை” என்றார். அவள் முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும், “சரி பெரியப்பா” என்று ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள்.

அவள் எட்டு மூட்டைகளை இறக்கியபோது குப்பை வண்டியின் மணி கேட்டது. வண்டி போய்விட்டால் இன்னும் மூன்று நாள் வராது. கிராம் சார் வேட்டியை மடித்துக் கட்டி ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். முதல் மாடி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. இரண்டாவது முடியும் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூட்டையிலிருந்து அழுக்குத் தண்ணீர் கழுத்தில் இறங்கி முதுகு முழுக்க வழிந்துகொண்டிருந்தது. எந்தத் தண்ணீரைக் கழிக்க வேண்டும் என்று சொன்னாரோ அதே தண்ணீர்.

கடைக்காரன் ஈரத்தை விற்றான், அதனால் கழித்தோம். இவள் ஈரத்தைச் சுமந்தாள். அதை எப்படிக் கழிப்பது? இத்தனை வருட உத்தியோகத்தில் இது தன் மண்டையில் ஏறவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த பெண் அவரைப் பார்த்துப் பதறிப்போய், அந்த மூட்டையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

மாலையில் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு. “பதினோரு மூட்டை, ஈர எடை. அதுல ஒண்ணை ரெண்டு மாடி நான் இறக்கினேன். அரை மூட்டை கழிவு. சம்மதமா?”

“சம்மதம் பெரியப்பா” என்றாள் பெண், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“முத நாள் நாற்காலி போட்டு உக்காந்து அவ கையைக் கட்டிப் போட்டீங்களே, அது எந்தக் கணக்கு?” என்றார் மனைவி.

“அது சங்கத்துக் காசுல வராது” என்று அவர் எழுந்து, தன் சட்டைப் பையிலிருந்து அரை நாள் கூலியை எடுத்து வைத்தார். மோட்டாருக்கு இது போதுமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றிருந்தார், மனசுதான் அடித்துக்கொண்டது.

“ஈரத்தைக் கழிக்கலையா சார், நீங்களா?” என்று கணக்குச் சீட்டைப் பார்த்த பொருளாளர் வாயைப் பிளந்தார். “ஒரு மூட்டையை இறக்கிட்டு வந்து கேளுங்க” என்றார் கிராம் சார். பொருளாளர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. குழாய்களின் இரைச்சலுக்கு நடுவே கீழேயிருந்து ‘விர்ர்’ என்று விட்டு விட்டு ஒரு சத்தம் கேட்டது. மிதிக்கும் சத்தம் இல்லை. கிராம் சார் ஜன்னலோரம் நெடுநேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.

மறுநாள் அவர் தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையைப் பெண் கொண்டுவந்தாள்.

“எவ்வளவும்மா?”

“பாத்து...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார்.

கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டார், “என்ன, கூடக் கேட்டாளா?”

“இல்ல,” என்றார் அவர். “சரியாக் கேட்டா.”