சரிசரியாரின் கடைவாய்ப்பல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையே அல்ல. சமையலறை மசாலாக்களின் நன்மைகள் பற்றி ஒரு பக்கக் கட்டுரை. 'இஞ்சி குமட்டலை அடக்கும், மஞ்சள் வீக்கத்தைத் தணிக்கும் என்கிறார்கள், கிராம்பு' என்பதுவரை எழுதினேன். கிராம்பு என்றதும் பல்வலி ஞாபகம் வந்தது. பல்வலி என்றதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கட்டுரை அதோடு சரி.

2

ஆள் லிஃப்ட் மெக்கானிக். யார் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பதால் வேலையிடத்தில் சரிசரியார் என்று பெயர். இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறார். இப்போது கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை. பிடுங்க வேண்டும்.

(இப்படி எதற்கும் தலையாட்டும் மனிதர் உலகத்தில் உண்டா? எனக்கே சந்தேகம் வந்து கதையிலிருந்து அவரைக் கோடுபோட்டு அடித்துவிடப் பார்த்தேன். பின்னால் நின்று படித்த என் மனைவி, "ஏன், இந்த வீட்லயே ஒருத்தர் இருக்காரே" என்றாள். விட்டுவிட்டேன்.)

3

காலையில் அவர் மனைவி மஞ்சள் சத்துக் குளிகை ஒன்றைக் கையில் வைப்பார். "உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். உங்க அக்காகிட்ட மூச்சு விடாதீங்க, எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பாங்க."

"சரி சரி."

சாயங்காலம் மாடியில் குடியிருக்கும் அக்கா, இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்டுச் சுண்டக் காய்ச்சிய கஷாயத்தை நீட்டுவார். "ஒரே மடக்குல குடிடா. உன் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம், நான் தலையிடுறேன்னு நெனைப்பா."

"சரிக்கா, சரி."

இருவரும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். சிக்கலே அதுதான்.

* சமையலில் விழும் மஞ்சளும் இஞ்சியும் பொதுவாகப் பரம சாது. அதே மஞ்சளைச் சத்தாக்கிக் குளிகையில் அடைத்து, அதே இஞ்சியைத் தினம் ஒரு டம்ளராகச் சுண்டவைத்து இறக்கினால், சிலருக்கு அவையும் இந்த மாத்திரையோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். ரத்தக் கசிவு நிற்காமல் போகலாம். (கட்டுரையில் மிச்சம் இந்தப் பத்திதான்.)

4

பல் டாக்டரிடம் துணைக்கு இருவரும் வந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"ரத்தம் உறைய ரொம்ப நேரமாகுது. இப்போ பிடுங்கினா நிக்காது. மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்லையே!" என்றார்கள் மனைவியும் அக்காவும் ஒரே குரலில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

"அப்போ மாத்திரையோட அளவைக் குறைக்கச் சொல்லி இதய டாக்டருக்கு எழுதிடவா?"

சரிசரியார் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். மாத்திரையையும் குறைத்து, நாளைக்கு இந்தக் குளிகையும் கஷாயமும் நின்றுபோனால்? வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இது அவருக்குத் தெரியும். சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

5

முடிவு அ: "சரி சரி" என்கிறார். [அடித்துவிட்டேன். இந்த மனிதரைச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை.]

முடிவு ஆ: உண்மையைப் போட்டு உடைக்கிறார். "அடிப்பாவி, நீயுமா?" என்று அக்கா வாயைப் பிளக்க, மனைவி சிரித்துவிட, இருவருமாகச் சேர்ந்து அவரை [ஆனால் சொல்வாரா? பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் மறுத்துப் பேசாதவர் ஆயிற்றே.]

முடிவு இ:

இந்த இடத்தில் என் மனைவி மேசையில் ஒரு டம்ளரை வைத்தாள். "இருமிட்டே இருக்கீங்க, குடிங்க. இன்னைக்குப் புதுசா ஒண்ணு சேத்திருக்கேன்." என் சட்டைப்பையில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. என்ன சேர்த்தாய் என்று கேட்டிருக்கலாம்.

"சரி சரி" என்றேன்.

ஆகவே அவருக்கு வசனம் எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், வாயும் திறந்துவிட்டது, டாக்டர் காத்திருக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எடுத்துக்கொடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், டம்ளர் ஆறுவதற்குள் எனக்கும் கேட்கட்டும்.